மக்குவதும் மக்காததும்: சென்னை வீட்டுக் குப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் சென்னையில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஊன்றுவதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளில் படிக்கட்டிலும் தண்ணீர்த் தொட்டி அருகிலும் அண்டை வீட்டார் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் தேடித் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டில் எத்தனை வாளி வைக்க வேண்டும்?

இரண்டு வாளியும் ஒரு டப்பாவும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு. சமையலறையில் மக்கும் குப்பைக்கு ஒரு சின்ன வாளி, பால்கனியில் மக்காததற்கு ஒரு பெரிய வாளி அல்லது கோணிப்பை. தீர்ந்த பேட்டரி, பியூஸ் போன பல்ப், காலாவதியான மாத்திரை ஆகியவற்றுக்கு மூடியுள்ள ஒரு பழைய டப்பா போதும். அது நிறைவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மக்கும் வாளிக்குள் பிளாஸ்டிக் பையை விரிக்காதீர்கள். காய்கறித் தோலை அழகாகப் பையில் கட்டிக் கொடுத்தால், அந்தப் பையை யாரோ ஒருவர் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. அடியில் செய்தித்தாள் போட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாளியைக் கழுவுவதும் எளிது.

நான் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே. பிறகு எதற்கு இந்த வேலை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களின் கோபம் நியாயமானது. காலையில் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துப் பிரித்ததைக் கண் முன்னே ஒரே தொட்டியில் கவிழ்த்தால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். எனக்கும் விட்டுப்போயிருக்கிறது.

ஆனால் கலப்பு முதலில் நடக்கும் இடம் வண்டி இல்லை, நம் சமையலறை. ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்திருக்கும்வரை பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடைக்கு எடுத்துக்கொள்வார். அதன்மேல் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டால் அவர் தொடமாட்டார். காகித ஆலைக்கும் அது வேண்டாம். எதிர்ப்பக்கமாகப் பார்த்தால், கத்தரிக்காய்க் காம்போடு இரண்டு ஷாம்பு பாக்கெட்டுகள் சேர்ந்துவிட்டால் அந்த உரத்தை எந்த விவசாயியும் வயலில் போடமாட்டார். கலந்த பிறகு பிரிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் ஈரம் ஊறிய காகிதத்தை அவற்றால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று, மக்காத குப்பையை அன்றாடம் வண்டியில் போட வேண்டிய கட்டாயமே இல்லை. அது நாறாது. மாதம் ஒரு முறை பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்தால் அது வண்டிப் பக்கமே போகாது. வண்டிக்குப் போவது மக்கும் குப்பை மட்டும் என்றால் அங்கே கலக்க என்ன இருக்கிறது?

அதற்காக மாநகராட்சியைக் கேட்காமல் விட வேண்டும் என்று சொல்லவில்லை. வண்டியில் தனித்தனித் தொட்டிகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 1913 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் மட்டும் புகார் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு வீட்டார் ஒரே வாரத்தில் கொடுத்த பிறகுதான் வண்டிக்குள் தடுப்பு வந்தது.

எங்கள் குப்பை கடைசியில் எங்கே போகிறது?

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பல ஆண்டுகளாக, வடக்கு மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்கும் தெற்கு மண்டலங்களின் குப்பை பெருங்குடிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கொடுங்கையூர்க் கிடங்கு 300 ஏக்கருக்கும் மேல் பரந்தது. பெருங்குடிக் கிடங்கு சுமார் 225 ஏக்கர். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே, அந்த நிலத்தை விழுங்கி வளர்ந்தது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று, உலக அளவில் மதிப்புள்ள சதுப்பு நிலம் என்ற தகுதி பெற்ற அதே பள்ளிக்கரணைதான்.

அந்த ஆண்டே ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தது. தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எல்லோரும் கேட்ட கேள்வி, யார் கொளுத்தினார்கள் என்பது. யாரும் கொளுத்தாமலேயே அப்படிப்பட்ட இடம் எரியக்கூடும். காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் பழைய சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். அதே சோறு காற்றோட்டமான ஓர் உரத்தொட்டியில் இருந்திருந்தால் மண்ணாக மாறியிருக்கும். சென்னையின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கிடங்குகளின் குப்பை மலைகளைத்தான் இப்போது தோண்டி அகற்றுகிறார்களே?

ஆம், முதலில் பெருங்குடியிலும் பின்னர் கொடுங்கையூரிலும் அந்த வேலையைத் தொடங்கினார்கள். பழைய குப்பையைத் தோண்டி, உலர்த்தி, சுழலும் பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல்லும் கட்டட இடிபாடும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் இன்னொரு பக்கம் வந்து விழும். எரியக்கூடியவை சிமெண்ட் ஆலைகளின் உலைகளுக்குப் போகின்றன. மண் பள்ளம் நிரப்ப உதவுகிறது.

நல்ல வேலை, வரவேற்க வேண்டியது. ஆனால் பல நூறு கோடி ரூபாய் செலவிட்டுச் செய்கிற அந்தச் சலிப்பு வேலை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பெரியவர்கள் செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய வேலை. கிராமத்து வீடுகளில் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கொல்லையில் எருக்குழி, பழந்துணிக்கு ஒரு மூட்டை, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழக்காரர். நகரத்துக்கு வந்தபோது அந்த மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் திணித்துவிட்டோம்.

எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

கேட்க நன்றாக இருக்கிறது. இந்தியாவில் இதை முதலில் செய்துபார்த்தது டெல்லியின் திமார்பூரில், 1987-இல். டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலை. சில வாரங்களிலேயே அது நின்றுபோனது. நம் குப்பையில் ஈரம் மிகுதி, எரியும் சக்தி குறைவு என்பதே காரணம். தேங்காய்த் துருவலையும் வாழைப்பழத் தோலையும் எரிக்க வேண்டுமானால் முதலில் அவற்றிலுள்ள தண்ணீரை ஆவியாக்க வேண்டும். நன்றாக எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும். அவை மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள்கள். உலைக்குத் தீனி போடுவதற்காக அவற்றை அனுப்பத் தொடங்கினால் பிரிப்பதில் யாருக்கும் அக்கறை இருக்காது.

கொடுங்கையூரில் இப்படி ஓர் எரியுலை அமைக்கும் திட்டத்தை அங்குள்ள மக்கள் எதிர்க்கிறார்கள். ஊர்க் குப்பையைப் பல ஆண்டுகளாகச் சுமந்தவர்கள் இனி அதன் புகையையும் சுமக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தென் சென்னையில் வசிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

பழைய பேப்பர் கடையில் எதையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள்?

செய்தித்தாள், புத்தகம், அட்டை, இரும்பு, அலுமினியம், பித்தளை, தண்ணீர் பாட்டில், உடைந்த பிளாஸ்டிக் வாளி, பெரும்பாலான கடைகளில் பால் பாக்கெட். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் குளிர்பான பாட்டில் வகை. அதை உருக்கிப் பாலியஸ்டர் இழையாக்குகிறார்கள். 2 ஷாம்பு, பினாயில் டப்பாக்கள். 5 தயிர் டப்பா, சாப்பாட்டு டப்பா. இந்த மூன்றுக்கும் நல்ல சந்தை உண்டு. 6 என்பது தெர்மாகோல் வகை. அதை வாங்க ஆள் கிடைப்பது அரிது.

பால் பாக்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முனையைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது ஒரு சின்ன முக்கோணத் துண்டு கீழே விழுகிறதல்லவா? நகத்தளவுதான் இருக்கும். அதை யாரும் பொறுக்கமாட்டார்கள், எந்த எந்திரமும் பிடிக்காது. பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகவோ மக்கும் குப்பை வழியாகவோ மண்ணுக்குப் போய்விடும். வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் என்றால் ஆண்டுக்கு எழுநூற்று முப்பது துண்டுகள். முழுவதும் நறுக்காமல் ஓரத்தில் ஒரு கீறல் மட்டும் போடுங்கள். துண்டு பாக்கெட்டோடு ஒட்டியே இருக்கும். பாலை ஊற்றிய பின் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாக்கெட்டைக் கொடியில் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடுங்கள். மாலைக்குள் காய்ந்துவிடும். கழுவாத பால் பாக்கெட் இரண்டே நாளில் வீட்டை நாறடிக்கும். அதனால்தான் பலர் இந்தப் பழக்கத்தைத் தொடங்கிய வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள்?

உள்ளே பளபளக்கும் பாக்கெட்டுகளில் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது என்பதால் எடைக்கு வாங்குவோர் இல்லை. உலர்ந்த குப்பையோடு கொடுங்கள். நல்லபடியாக நடந்தால் சிமெண்ட் உலைக்குப் போகும். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தெருச் சாக்கடைகளில் அதிகம் மிதப்பவை இந்தப் பாக்கெட்டுகள்தான். வாங்குவதைக் குறைப்பது தவிர, வீட்டளவில் வேறு வழி இல்லை.

பிளாஸ்டிக்கில் சாலை போடலாமே என்று சிலர் கேட்பார்கள். போடலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டறிந்த முறை அது: சூடாக்கிய ஜல்லிமேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் அது உருகிப் படலமாகப் படியும், அதன்பின் தார் கலப்பார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் அந்தத் துருவலுக்கும் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக் வேண்டும். குழம்பு ஒட்டிய கவர் அங்கேயும் உதவாது.

தடை இருக்கிறதே, பின் ஏன் இன்னும் பிளாஸ்டிக் பை கிடைக்கிறது?

2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. தடையின் முதல் சில மாதங்களில் இறைச்சிக் கடைக்குத் தூக்குச்சட்டி எடுத்துக்கொண்டு போனோம். உணவகங்களில் வாழையிலைப் பொட்டலம் திரும்பி வந்தது. பிறகு சோதனை குறைந்தது, பை திரும்பியது. சிறு கடைக்காரருக்கு அபராதம் போடுவதில் இருக்கும் வேகம் பை தயாரிக்கும் இடத்தை மூடுவதில் இல்லை என்பதே என் எண்ணம்.

அடுக்குமாடி வீட்டில் உரம் தயாரிக்க முடியுமா? நாற்றம் வராதா?

முடியும். சரியாகச் செய்தால் நாறாது. மழை பெய்தபின் மண்ணிலிருந்து வரும் வாசனைதான் வரும்.

பக்கங்களில் துளையிட்ட ஒரு மண்தொட்டியோ பழைய பெயின்ட் வாளியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு அங்குலம் தென்னை நார்த்தூள் அல்லது காய்ந்த இலை. அதன்மேல் அன்றைய காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ. அதை மூடும் அளவுக்கு மறுபடியும் நார்த்தூள். தொடக்கத்தில் ஒரு முறை, புளித்த மோரை இரண்டு கரண்டி தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள், அல்லது ஒரு பிடி பழைய உரம் போடுங்கள். நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை குச்சியால் கிளறுங்கள். தொட்டி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தொட்டியைத் தொடங்குங்கள். சென்னை வெயிலுக்கு நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் உரம் தயார்.

நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் நார்த்தூள் சேர்க்க வேண்டும். பிடித்த வடிவத்தில் நின்று, தட்டினால் உதிர்ந்தால் பதம் சரி. புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுவும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூவுங்கள். மீன் கழிவையும் எண்ணெய் மிதக்கும் குழம்பையும் முதல் சில மாதங்களுக்குச் சேர்க்காதீர்கள்.

முதல் தொட்டியைத் திறந்த அன்று நான் தேடியது முருங்கைக்காய்ச் சக்கையைத்தான். நார் நாராக அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். கறுப்பாக, உதிரியாக, காபித்தூள்போல இருந்த மண்ணில் ஒரு மாங்கொட்டை மட்டும் முளைவிட்டு நின்றது. அதைப் பார்க்க மூன்றாம் மாடியிலிருந்து பாட்டி ஒருவர் இறங்கி வந்து, மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, “எங்கள் ஊர் எருக்குழி மண்” என்றார். மறுநாள் அவர் வீட்டிலும் தொட்டி வைத்தோம்.

தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு?

மக்கும், ஆனால் மிக மெதுவாக. தொட்டியில் போடாதீர்கள். கொட்டாங்குச்சியைச் சேர்த்துவைத்தால் கரிக்கு வாங்குவோர் உண்டு. தண்ணீர் வடிகட்டிகளில் இருக்கும் கரி பலவற்றில் கொட்டாங்குச்சியிலிருந்து வருவதுதான்.

நாப்கின், டயப்பர்?

வெட்கத்தால் யாரும் பேசாத பொருள், அதனால் மிக மோசமாகக் கையாளப்படும் பொருள். இவற்றைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும். அதை எடுக்க ஒரு மனிதரைத்தான் இறக்குவார்கள். செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். புணேயில் குப்பை சேகரிப்பவர்களே நடத்தும் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு பரப்பிய வழி இது. புள்ளியைப் பார்த்தால் உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. துணி நாப்கினும் மாதவிடாய்க் கோப்பையும் இப்போது எளிதில் கிடைக்கின்றன, விருப்பமுள்ளவர்கள் மாறலாம்.

உடைந்த கண்ணாடி, ஊசி, பல்ப்?

ஒரு நாள் காலை, எங்கள் வாசலில் குப்பை எடுக்கும் அம்மா வலது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இடது கையால் வாளியைத் தூக்கினார். என்னவென்று கேட்டேன். “ஒன்றுமில்லை அம்மா, டம்ளர்” என்றார். துணியை விலக்கிக் காட்டினார்: உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, நான்கு தையல். சோற்றுக்குள் கிடந்த உடைந்த கண்ணாடி டம்ளர். எந்த வீட்டுச் சோறு என்று அவருக்குத் தெரியாது. அந்த வாரம் நான்கு நாள் சம்பளம் போயிற்று.

கண்ணாடித் துண்டுகளை நான்கைந்து அடுக்குச் செய்தித்தாளில் சுற்றி, கயிற்றால் கட்டி, ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, அவர் கையில் சொல்லிக் கொடுங்கள். இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுச் சேர்த்து அதேபோல் கொடுங்கள். குழல்விளக்கிலும் சுருள்விளக்கிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் கொடுக்க வேண்டும். பழைய கைபேசியையும் பேட்டரியையும் எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காகக் கம்பியைத் திறந்தவெளியில் எரிப்பவர்களிடம் அவை போய்ச்சேரலாம். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனங்களிடம் கொடுக்கலாம்.

போகிக்குப் பழையதை எரிக்கலாமா?

பழைய பாயும் முறமும் எரித்த காலத்து வழக்கம் அது. இன்று வீட்டில் கழிவது ரெக்ஸின், டயர், நைலான். 2018 போகியன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. நல்ல நிலையில் உள்ள துணியைக் கொடுத்துவிடுங்கள். மீதியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மக்களை மாற்றவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

நீலகிரியைப் பாருங்கள். காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 மே மாதம் முதல் அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. குடித்தவர் வீசினாலும் வேறொருவர் பத்து ரூபாய்க்காகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். சோடா பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து வளர்ந்த நமக்கு இது புதிய பழக்கம் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கும் எண்ணெய் டின்னுக்கும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

குப்பை எடுப்பவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள், இரண்டு மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காவல்துறை இரவில் அவர்களை அப்புறப்படுத்தியது. பணி நிரந்தரம், குறைக்காத சம்பளம் இவைதான் அவர்கள் கேட்டவை. அதைப் பற்றிப் பேசுங்கள், எழுதுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.

வீட்டு வாசலில் செய்யக்கூடியது சிறியது. எங்கள் குடியிருப்பில் தரைத்தளக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சோப்பும் துண்டும் வைத்திருக்கிறோம். தீபாவளிப் பணத்தோடு ஆளுக்கு இரண்டு ஜோடி தடித்த ரப்பர் கையுறை கொடுக்கிறோம். கையில் தையல் போட்டிருந்த அந்த அம்மாதான் இப்போது புதிதாகக் குடிவரும் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நாள் ஏறிப்போய், எந்த வாளி எதற்கு என்று சொல்லிக்கொடுக்கிறார். நாங்கள் பின்னால் நிற்போம்.